போனில் டாக்டர், கையில் காகிதம்

தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் உள்ள ஊர். கோலார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் இங்கே தங்கச் சுரங்கம் நடந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் இங்கேயே வாழ்கின்றன. பிழைப்புக்காகப் பலர் ரயிலில் பெங்களூர் போய் வருகிறார்கள். விடியும் முன்பு கிளம்பினால், இருட்டிய பிறகுதான் வீடு.

இந்த ஊரில் நடப்பதாக ஒரு கதை படிப்போம்.

ஒரு பெரியம்மா இருக்கிறார். தெருவில் எல்லாரும் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிடுவார்கள். வயது 56. சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றார். அவருக்கு 9 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. இப்போது முட்டி வலியும் சேர்ந்துகொண்டது.

பெங்களூர் போய் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் ஆகும். துணைக்கு மகளும் வர வேண்டும். இரண்டு பேர் கூலியும் போய்விடும்.

மகள் ஒரு வழி சொன்னாள். "அம்மா, போன்லயே டாக்டரைப் பார்க்கலாம். காசு இல்லை" என்றாள்.

மகள் சொன்னது இ-சஞ்சீவனி என்ற அரசுத் திட்டம். வீட்டில் இருந்தபடியே செல்போனில் டாக்டரிடம் பேசும் வசதி இதில் 2020 ஏப்ரல் 13-இல் தொடங்கியது. இது இலவசம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்னும் அரசு சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே இருக்கும் சுகாதார ஊழியர் டாக்டரைத் திரையில் கூப்பிட்டுத் தருவார்.

மகள் போனில் பதிவு செய்தாள். வரிசை வந்தது. டாக்டர் திரையில் வந்தார். தன் பெயரைச் சொன்னார். கன்னடத்தில் பேசினார். பெரியம்மாவுக்கும் கன்னடம் தெரியும். அவர்கள் பேசியதைத் தமிழில் படிப்போம்.

டாக்டர்: என்னம்மா தொந்தரவு?

பெரியம்மா: முட்டி வலி டாக்டர். படி ஏற முடியலை.

டாக்டர்: வேறே என்ன நோய் இருக்கு?

பெரியம்மா: சர்க்கரை இருக்கு.

டாக்டர்: அதுக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?

பெரியம்மா: வெள்ளையா ஒண்ணு. மஞ்சளா, சின்னதா ஒண்ணு.

டாக்டர்: மாத்திரை பெயர் என்ன?

பெரியம்மா: பெயர் தெரியாது. கடையில கேட்டா குடுப்பாங்க.

டாக்டர்: முட்டி வலிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?

பெரியம்மா: அதுவும் கடையில வாங்குறதுதான். தினம் ரெண்டு மாத்திரை.

டாக்டர்: கடைசியா எப்போ ரத்தம் சோதிச்சீங்க?

பெரியம்மா: போன வருஷம் கால் வீங்கிச்சு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். அப்போ எடுத்தாங்க.

டாக்டர்: அந்த ரிப்போர்ட் இருக்கா?

பெரியம்மா: இல்லை டாக்டர். பில்லு மட்டும் இருக்கு.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "அம்மா, கால் ஏன் வீங்கிச்சுன்னு அந்தக் காகிதத்துல இருக்கும். அதைப் பார்க்காம நான் வலி மாத்திரை எழுத மாட்டேன். கடையில வாங்குற வலி மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க. ஆஸ்பத்திரி காகிதத்தை வாங்கிட்டு மறுபடியும் வாங்க."

பெரியம்மாவுக்கு ஏமாற்றம். "மாத்திரை எழுதித் தராத டாக்டர் என்ன டாக்டர்?" என்று முணுமுணுத்தார்.

டாக்டர் செய்தது சரியா, தவறா? நாம் யோசிப்போம்.

டாக்டரின் கண் எது?

நேரில் போனால் டாக்டர் நம் காலை அழுத்திப் பார்ப்பார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். பிரஷர் பார்ப்பார். நாக்கைப் பார்ப்பார்.

போனில் இவை எதுவும் முடியாது. நாம் சொல்வதைக் கேட்கலாம். முகத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான். மீதி எல்லாம் நாம் காட்டும் காகிதத்தில்தான் இருக்கிறது. போனில் பேசும் டாக்டருக்குக் காகிதம்தான் கண். காகிதம்தான் கை.

போனில் வைத்தியம் பார்ப்பதற்கு அரசு 2020 மார்ச் 25-இல் விதிகள் வெளியிட்டது. போனில் பார்த்தது போதாது என்று டாக்டர் நினைக்கலாம். அப்போது அவர் ரிப்போர்ட் கேட்கலாம். நேரில் வரச் சொல்லலாம். எல்லா மருந்தையும் போனில் எழுதித் தரவும் கூடாது. ஆகவே அந்த டாக்டர் செய்தது சரி.

என்னென்ன காகிதம் வேண்டும்?

1. மருந்துச் சீட்டு. டாக்டர் மருந்து எழுதித் தந்த தாள்.

2. சோதனை ரிப்போர்ட். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவற்றின் முடிவு.

3. டிஸ்சார்ஜ் சம்மரி. ஆஸ்பத்திரியில் படுத்து வீடு திரும்பும்போது தரும் தாள். என்ன நோய், என்ன வைத்தியம், இனி என்ன மருந்து என்று இதில் எழுதியிருக்கும். மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம்.

4. மாத்திரை அட்டை. அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயர் இருக்கும். எத்தனை மி.கி. என்றும் இருக்கும். பெயரும் தேதியும் உள்ள முனையைக் கடைசி வரை வெட்டாதீர்கள்.

பில் என்பது பணம் கட்டியதற்குச் சாட்சி. வைத்தியத்துக்கு அது போதாது. ஆனாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பெரியம்மாவுக்கு அந்தப் பில் எப்படி உதவியது என்று பாருங்கள்.

கேட்டு வாங்குவது நம் உரிமை

பெரியம்மா போன வருடம் படுத்திருந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மகளோடு அங்கே போனார். "பழைய ஃபைல் எல்லாம் தர முடியாதும்மா. போய் வாங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். இருவரும் திரும்பி வந்தார்கள்.

கற்போர் மையத்தில் இந்தப் பேச்சு வந்தது. அங்கே தொண்டராக இருந்த பெண் சொன்னாள்: "வாயால் கேட்டால் இல்லை என்பார்கள். எழுதிக் கேளுங்கள் பெரியம்மா. சட்டம் நம் பக்கம் இருக்கிறது."

என்ன சட்டம் அது?

டாக்டர்களின் நடத்தைக்கான விதிகள் 2002-இல் வந்தன. அவற்றில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம்.

ஒன்று. ஆஸ்பத்திரியில் படுத்தவரின் குறிப்புகளை 3 வருடம் பாதுகாக்க வேண்டும். வைத்தியம் தொடங்கிய நாளில் இருந்து இந்தக் கணக்கு.

இரண்டு. நோயாளி தன் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நோயாளியின் அனுமதி பெற்றவர் கேட்டாலும் தர வேண்டும்.

72 மணி நேரம் என்பது எத்தனை நாள்? ஒரு நாளுக்கு 24 மணி. 24, 24, 24 கூட்டினால் 72. ஆக, மூன்று நாள்.

மூன்று வருடத்துக்கு மேல் ஆனால் ஃபைல் இல்லாமல் போகலாம். ஆகவே கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். வீடு திரும்பும் அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. ஜெராக்ஸ் செலவுக்குப் பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள்.

பெரியம்மா எழுதிய விண்ணப்பம்

பெரியம்மா தன் கையாலேயே எழுதினார். மையத்தில் இருந்தவர்கள் எழுத்துக் கூட்ட உதவினார்கள். அதை நீங்களும் பாருங்கள். கோடு உள்ள இடத்தில் உங்கள் விவரத்தை எழுதிப் பழகுங்கள்.

அனுப்புநர்:
பெயர் ______
முகவரி ______
போன் ______

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
______ ஆஸ்பத்திரி.

பொருள்: என் சிகிச்சைக் குறிப்புகளின் நகல் கேட்பது.

ஐயா / அம்மா,
வணக்கம். நான் உங்கள் ஆஸ்பத்திரியில் ______ தேதி முதல் ______ தேதி வரை உள்நோயாளியாக இருந்தேன். என் ஐ.பி. நம்பர் ______. என் டிஸ்சார்ஜ் சம்மரியும் எல்லாச் சோதனை ரிப்போர்ட்டுகளும் எனக்கு வேண்டும். வேறு டாக்டரிடம் காட்ட அவை தேவைப்படுகின்றன. 72 மணி நேரத்துக்குள் நகல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கையொப்பம் ______
நாள் ______

ஐ.பி. நம்பர் பெரியம்மாவுக்கு எங்கே கிடைத்தது? பழைய பில்லில் இருந்தது. அந்த நம்பர் இருந்தால் ஃபைலைத் தேடுவது எளிது.

நாம் வாழும் மாநிலத்தில் எல்லா அலுவலகத்திலும் தமிழ் தெரிந்தவர் இருக்க மாட்டார். அதனால் முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் கொடுத்து அந்த மாநில மொழியிலோ இங்கிலீஷிலோ மாற்றுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அங்கே கொடுங்கள். இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இதுதான் சாட்சி. முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

அப்படியும் தராவிட்டால்? தனியார் டாக்டர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். அரசு ஆஸ்பத்திரி என்றால் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். அதற்குப் பதில் தர 30 நாள் கெடு.

பெரியம்மா திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்தார். வியாழக்கிழமை காகிதம் வந்தது. மொத்தம் 11 தாள்.

எண்ணைப் படிப்போம்

எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. ஆனால் எண்கள் நமக்குத் தெரியுமே! ரத்த ரிப்போர்ட்டில் வழக்கமாக மூன்று விஷயம் இருக்கும். சோதனையின் பெயர். நம்முடைய அளவு. இருக்க வேண்டிய அளவு.

பெரியம்மாவின் தாளில் ஒரு வரி இப்படி இருந்தது:

கிரியேட்டினின் – 1.9 – (0.6 முதல் 1.1 வரை)

பெரியம்மா விரல் வைத்துப் படித்தார். "இருக்க வேண்டியது ஒண்ணு புள்ளி ஒண்ணுக்குள்ள. எனக்கு ஒண்ணு புள்ளி ஒன்பது. ஜாஸ்தியா இருக்கே!" என்றார்.

கிரியேட்டினின் ரத்தத்தில் உள்ள ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். சிறுநீரகத்தைத்தான் கிட்னி என்கிறோம். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் அந்தக் கழிவு ரத்தத்தில் தங்கும். எண் ஏறும். "கிட்னியில் உப்பு ஏறியிருக்கு" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது சாப்பாட்டு உப்பு அல்ல.

இருக்க வேண்டிய அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். உங்கள் தாளில் அச்சாகி இருப்பதைப் பாருங்கள். எண் கூடினாலோ குறைந்தாலோ டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

இரண்டாம் முறை பேசியபோது

மகள் தாள்களைப் படம் எடுத்து ஏற்றினாள். டாக்டர் பார்த்தார்.

டாக்டர்: அம்மா, போன வருஷமே உங்க கிட்னி பலவீனமா இருந்திருக்கு. உங்ககிட்ட சொல்லலையா?

பெரியம்மா: என்னமோ சொன்னாங்க டாக்டர். எனக்குப் புரியலை.

டாக்டர்: கடையில வாங்குற வலி மாத்திரை பலதும் கிட்னியைக் கெடுக்கும். ஏற்கனவே பலவீனமா இருந்தா இன்னும் சீக்கிரம் கெடுக்கும். நல்ல வேளை, நிறுத்திட்டீங்க.

டாக்டர் புதிதாக ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொன்னார். அந்த முடிவைப் பார்த்து, சர்க்கரை மாத்திரையின் அளவையும் சரி செய்ய வேண்டும் என்றார். முட்டிக்கு உடற்பயிற்சி சொன்னார். கிட்னி டாக்டரை நேரில் பார்க்கச் சொல்லி எழுதியும் தந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 2 வலி மாத்திரை. மாதம் 60 மாத்திரை. ஒரு வருடத்துக்கு 700-க்கு மேல். அந்த ஒரு தாள் கையில் வராவிட்டால் பெரியம்மா அத்தனையும் விழுங்கியிருப்பார்.

டாக்டரிடம் பேசும் முன்பு

முதலில் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

பெயர், வயது.
என்ன தொந்தரவு? எந்த நாளில் இருந்து?
பழைய நோய் என்ன? எந்த வருடம் முதல்?
இப்போது சாப்பிடும் மருந்து என்ன? ஒரு நாளைக்கு எத்தனை?
எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?
ஆபரேஷன் நடந்ததா? எப்போது?

கடையில் வாங்கிய மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

பிறகு காகிதத்தைப் படம் எடுங்கள். எடுக்கும் முறை இது:

தாளை வெளிச்சத்தில் தட்டையாக வையுங்கள். நாலு மூலையும் படத்தில் தெரிய வேண்டும். நம் நிழல் விழக் கூடாது. பெயரும் தேதியும் தெரிய வேண்டும். எடுத்த படத்தை நீங்களே படித்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடியாவிட்டால் டாக்டராலும் முடியாது.

எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுங்கள். பிளாஷ் போடாதீர்கள். எக்ஸ்ரேயோடு தரும் எழுத்து ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

புதிய தாளை முதலில் அனுப்புங்கள். பழையதைப் பின்னால் அனுப்புங்கள். அடுத்தவர் ரிப்போர்ட் கலந்துவிடாமல் பாருங்கள். வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருந்தால் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

பேசி முடித்ததும் டாக்டர் அனுப்பும் மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அடுத்த முறை அதுவும் ஒரு பழைய காகிதம்தானே!

வீட்டில் வைக்கும் முறை

ஆளுக்கு ஒரு பை வையுங்கள். பையின் மேல் பெயர் எழுதுங்கள். தாள்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். எக்ஸ்ரே பிலிமை மடிக்காதீர்கள். இ.சி.ஜி. தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

காகிதத்துக்குப் பதில் செல்போனில் வைக்கவும் அரசு ஒரு வழி செய்துள்ளது. 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதற்கும் இது தொடங்கியது. ஆபா எண் என்று பெயர். 14 இலக்கம் கொண்டது. இலவசம். விரும்பினால் எடுக்கலாம். கட்டாயம் இல்லை. இந்த எண் வழியாக நம் ரிப்போர்ட்டை டாக்டர் பார்க்க நம் சம்மதம் வேண்டும். ஆனாலும் காகிதப் பையை விட்டுவிடாதீர்கள். போன் தொலையலாம்.

யாரிடம் காட்டக் கூடாது?

நம் நோய் நம் சொந்த விஷயம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கடையில் கொடுத்துப் படம் எடுத்தாலோ அனுப்பினாலோ, வேலை முடிந்ததும் அவர்கள் போனில் இருந்து அழிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அழிக்கட்டும்.

பதிவு செய்யும்போது போனுக்கு ஓ.டி.பி. எண் வரும். அதை நாம்தான் போட வேண்டும். "ஆஸ்பத்திரியில் இருந்து பேசுகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் சொல்லாதீர்கள். பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

போனில் பார்க்கக் கூடாத நேரம்

நெஞ்சு வலி. மூச்சுத் திணறல். ஒரு பக்கம் கை கால் விழுதல். வாய் கோணுதல். மயக்கம். நிற்காத ரத்தம். பாம்புக் கடி. இவற்றுக்குக் காகிதமும் தேட வேண்டாம், போனில் வரிசையும் நிற்க வேண்டாம். 108-க்கு அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பை கையெட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல் – பொருள்

உள்நோயாளி – ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பெறுபவர்
நகல் – அதே போன்ற பிரதி, ஜெராக்ஸ்
ஐ.பி. நம்பர் – உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரி தரும் எண்
பதிவு எண் – டாக்டராகத் தொழில் செய்ய அனுமதி பெற்ற எண்
கெடு – முடிக்க வேண்டிய காலம்

பதில் சொல்லுங்கள்

1. முதல் முறை டாக்டர் ஏன் வலி மாத்திரை எழுதவில்லை?
2. பழைய பில் பெரியம்மாவுக்கு எப்படி உதவியது?
3. ஆஸ்பத்திரியில் படுத்தவரின் குறிப்பை எத்தனை வருடம் பாதுகாக்க வேண்டும்?
4. விண்ணப்பத்தை ஏன் இரண்டு பிரதி எடுக்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

1. செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு விண்ணப்பம் கொடுத்தீர்கள். 72 மணி நேரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும்?
2. சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை 1, மதியம் இல்லை, இரவு 1 என்று பொருள். 10 நாளைக்கு எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்?

செய்து பாருங்கள்

அடுத்த வகுப்புக்கு வரும்போது வீட்டில் இருக்கும் ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டு வாருங்கள். ஒரு பழைய ரிப்போர்ட்டும் கொண்டு வாருங்கள். அட்டையில் தேதியையும் மி.கி. அளவையும் கண்டுபிடியுங்கள். ரிப்போர்ட்டில் உங்கள் அளவையும், இருக்க வேண்டிய அளவையும் கோடு போட்டுக் காட்டுங்கள். அடுத்தவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால், வீட்டிலேயே தனியாகச் செய்து பாருங்கள்.